முன்னறைப் பியானோ

லண்டன் விக்மோர் மண்டபத்தில் அன்று ஒற்றைப் பியானோ. பாட்டில்லை, பக்கவாத்தியமில்லை. 1920களின் ஜாஸ் இசை மட்டும். பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோக் கம்பனி, தன் காட்சிசாலைக்குப் பக்கத்தில் கட்டி 1901இல் திறந்த மண்டபம் அது. முதல் உலகப்போர்க் காலத்தில் எதிரியின் சொத்தென்று எடுத்து 1916இல் ஏலம் போட்டார்கள். அடுத்த வருடம் புதுப் பெயரோடு திறந்தது. சின்ன மண்டபம்தான். இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ளவேண்டிய அமைதி.

முதலில் ஜேம்ஸ் பி. ஜோன்சனின் ‘கரோலினா ஷவுட்’. இடக்கை அடிச்சுரம் ஒன்றைத் தட்டிவிட்டு நடுவுக்குத் தாவிக் கூட்டுச்சுரத்தைப் பிடிக்கிறது. உடனே திரும்ப அடிக்கு ஓடுகிறது. வலக்கையோ அந்தத் தாளத்துக்குப் பிடிகொடுக்காமல் முந்தியும் பிந்தியும் விளையாடுகிறது. தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, தானாக இறங்கும் கட்டைகளைப் பார்த்துத்தான் டியூக் எலிங்டன் இதைப் பழகினார். நியூயோர்க்கின் ஹார்லெமில் வாடகைக் காசு சேராதவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வாசலில் காசு வாங்கி, ஜோன்சன் போன்றவர்களை விடியவிடிய வாசிக்கவைத்த காலம் அது.

அடுத்து பில்லி மேயர்லின் ‘மேரிகோல்ட்’. 1927இல் வந்த சின்ன உருப்படி. இரண்டு வரி போகுமுன் நான் எண்பதுகளின் தென்லண்டன் டூட்டிங்குக்குப் போய்விட்டேன்.

அங்கே மேலறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரி எழுபத்தைந்து தாண்டிய ஆங்கிலக் கிழவி, தனியாள். முன்னறைச் சுவரோடு ஒரு பழைய பியானோ. முன்பலகையில் பித்தளை மெழுகுதிரித் தாங்கிகள் இரண்டு. இருக்கையின் மூடியைத் தூக்கினால் உள்ளே சுரத்தாள்கள். ஓரம் பழுத்து, சுரங்களுக்கு மேலே பென்சிலில் விரல் இலக்கங்கள். ஞாயிறு பின்னேரம் என்றால் ‘மேரிகோல்ட்’தான். நடுவில் ஓரிடத்தில் விரல் தவறாமல் இடறும். தனக்குள் ஏதோ முணுமுணுத்து, கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப வருவார். ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது. அதைச் சுண்டுவிரலால் கிளப்பிவிட்டு மேலே போவார்.

எல்லாம் தபாலில் பழகியது. மேயர்ல் 1926இல் பள்ளி தொடங்கி, தன்னைப்போல் வாசிப்பது எப்படி என்று வீடுகளுக்குப் பாடம் அனுப்பினார். அதன் நல்ல காலத்தில் மாணவர் முப்பதாயிரம் என்பார்கள். கிழவி அப்போது தட்டெழுத்து வேலை செய்த பெண். வேலைவிட்டு வந்து, தகப்பன் படுக்கப்போகுமுன் ஒரு மணித்தியாலம் பழகுவாராம். 1925இல் குயின்ஸ் மண்டபத்தில் மேயர்ல் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ வாசித்தபோது வீட்டில் அவரைப் போகவிடவில்லை. அறுபது வருடம் கழித்தும் அந்தக் குறை ஆறவில்லை. அந்த மண்டபமும் இல்லாமல் போயிற்று. 1941 மே 10 பின்னேரம் அங்கே எல்கரின் இசை நடந்தது. அன்றிரவே குண்டு விழுந்து எரிந்தது. இப்போது அந்த இடத்தில் ஹோட்டல்.

கிழவி காலமானபின் பியானோவை எடுக்க ஆளில்லை. சும்மா தருகிறோம் என்றும் எவரும் வரவில்லை. கடைசியில் குப்பை லொறிதான் வந்தது. அதிலென்ன புதினம்? சம்மட்டியால் பியானோவை உடைத்து, துண்டுகளைச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளும் போட்டியே இங்கிலாந்தில் ஒருகாலம் நடந்திருக்கிறது. வானொலி வந்து, தொலைக்காட்சி வந்து, முன்னறையில் பியானோ நின்ற இடம் வேறொன்றுக்குத் தேவைப்பட்டது.

விக்மோர் மேடையில் ‘மேரிகோல்ட்’ எங்கும் இடறவில்லை. மணிமணியாக விழுந்தது. இசை பத்திரமாகத்தான் இருக்கிறது. அதை அரைகுறையாக வாசித்துச் சந்தோஷப்பட்ட வீடுகளைத்தான் காணோம். வாடகை சேர்க்கவும் களைப்பு ஆற்றவும் வீட்டுக்குள் வாசித்ததை, இன்று டிக்கட் எடுத்து, கைகட்டி இருந்து கேட்கிறோம்.

இடைவேளையில் பக்கத்துக் கதிரைக்காரரிடம் வீட்டில் பியானோ உண்டா என்று கேட்டேன்.

“பாட்டி வீட்டில் இருந்தது,” என்றார்.