கடைசிப் பத்து அடி

செல்போன் என்றாலே பிள்ளைகளை வீட்டு மூலையில் உட்கார வைக்கிற சாமான் என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். ஆனால் நம்மை வெளியே இழுத்துக்கொண்டு போகிற விளையாட்டும் அதில் இருக்கிறது, தெரியுமா?

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்களின் கருவியில் 100 மீட்டர் வரை இடம் தப்பும். அந்தப் பிழையை நிறுத்தியதும், மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், உண்டிவில், இன்னும் சில சாமான்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் பெயர் எழுது. அவ்வளவுதான் சட்டம். இதுதான் ஜியோகேச்சிங். இப்போது செல்போனிலேயே ஆடலாம்.

கருவி நம்மைப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கடைசிப் பத்து அடியை நம்ம கண்ணுதான் தேடணும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

2016 ஜூலையில் வந்த போகிமான் கோவில் நடந்தால்தான் முட்டை பொரியும். வேகமா வண்டியில போனா அந்தத் தூரம் கணக்கில் வராது. நல்ல யோசனை! ஆனால் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் நினைவிடத்திலும் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் இடத்தை நீக்குங்கள் என்று நினைவிடத்தார் கேட்க வேண்டியதாயிற்று. எந்த இடத்தில் விளையாடலாம் என்பது கருவிக்குத் தானாகத் தெரியாது. செய்கிறவர்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். என் தம்பி இருட்டிய பிறகும் வெளியே சுத்தலாம். நான் கிளம்பினா, "இந்நேரத்துல உனக்கு எங்கடி வேலை?" என்பார் அம்மா. அம்மா மேல் தப்பில்லை, எங்க தெருவில பாதி விளக்கு எரியாது. ஆனால் இஷ்டப்படி சுத்தச் சொல்கிற விளையாட்டில் பாதிப் பேர் சேரவே முடியாதே!

நான் ஒன்று செய்தால், பகலில் மட்டும் ஆடுகிற மாதிரி செய்வேன். மூணு பேருக்கு ஒரு போன் போதும். நூலகம், குளக்கரை, ஆலமரத்தடி என்று போகணும். திண்ணையில் இருக்கிற பாட்டிகிட்ட ஊர்க்கதை கேட்டாத்தான் அடுத்த குறிப்பு கிடைக்கும்.

நீங்க எங்கே ஒளிச்சு வைப்பீங்க? கீழே இடம் விட்டிருக்கேன், எழுதுங்க!

– பத்தாம் வகுப்பு மாணவி