பாரசீகத்தில் ஒரு ‘நைஸ்’

ஆங்கிலத்திலிருந்து பாரசீகத்துக்கு மொழிபெயர்ப்பவர்களைக் கலைச்சொற்கள் அவ்வளவாகப் படுத்துவதில்லை. அவற்றுக்கு அகராதி உண்டு, கேட்டுத் தெளிய ஆட்கள் உண்டு. என்னைப் படுத்துவது ‘நைஸ்’. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே அதற்காக யாரும் அகராதியைத் திறப்பதில்லை. ஆனால் இந்தச் சொல்லைப் போல் வேடம் மாற்றியது ஆங்கிலத்தில் குறைவு.

லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு ‘அறியாதவன்’ என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அசட்டுத்தனம் ஒட்டிக்கொண்டே வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிடம் அந்தப் பொருளைப் பார்க்கலாம். பிறகு எதிலும் குறை காண்கிறவர், எளிதில் திருப்தியடையாதவர் என்றாயிற்று. அங்கிருந்து நுணுக்கம், துல்லியம். இன்று நாம் அறிந்த ‘இனிய’ என்ற பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். ‘ரோமியோ ஜூலியட்’டின் கடைசி அங்கத்தில், தன் கடிதம் ரோமியோவிடம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும், பாதிரியார் லாரன்ஸ் அது ‘நைஸ்’ அல்ல என்று பதறுகிறார். அற்ப விஷயமல்ல என்கிறார். அங்கே ‘கூப்’, அதாவது ‘நல்ல’ என்ற பாரசீகச் சொல்லைப் போட்டால், கடிதம் நல்லதல்ல என்று ஆகிவிடும். நாடகத்தின் முடிச்சே அவிழ்ந்துவிடும். அதனால் ‘நைஸ்’ கண்ணில் பட்டதும் நான் முதலில் பார்ப்பது வாக்கியம் எழுதப்பட்ட காலத்தை.

இன்றைய ‘நைஸ்’ என்றால் பாரசீகம் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கும். சாப்பாட்டுக்குக் ‘கோஷ்மஸே’, காற்றுக்கு ‘லதீஃப்’, மனிதருக்கு ‘மெஹ்ரபான்’. பாராட்டாக வாயிலிருந்து விழும் ஒற்றைச் சொல்லுக்குப் ‘பஹ் பஹ்’. இதில் பெரிய வேலை இல்லை.

பழைய ‘நைஸ்’தான் சுவை. சட்டத்தில் ஒரு நுண்ணிய வேறுபாட்டைச் சொல்லும் ‘நைஸ்’ஸுக்கு ‘ஸரீஃப்’ பொருந்தும். அப்படி வேறுபடுத்திப் பார்ப்பவரை ‘மூஷெகாஃப்’, மயிரைப் பிளப்பவர், என்பார்கள். ஆங்கிலத்தில் மயிர் பிளப்பது பழிப்பு, பாரசீகத்தில் பெரும்பாலும் புகழ்ச்சி. ‘தகீக்’ இன்னும் நெருக்கம். அரபியில் மெல்லியது, பொடியானது என்று பொருள். மாவுக்கும் அதே சொல். பாரசீகத்தில் அது ‘துல்லியம்’ ஆகிவிட்டது. நம் வீடுகளில் மாவை ‘நைஸா அரை’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் ‘தகீக்’ நினைவுக்கு வரும். ‘நாஸுக்’ நமக்கு இன்னும் உறவு. உருது வழியாக வந்து ‘நாசூக்கு’ ஆகி இங்கேயே தங்கிவிட்டது. பாரசீகத்தில் அது முதலில் மெலிந்த பொருளைக் குறிக்கும், தாளையும் துணியையும் போல. தொட்டால் வாடுகிற ஆளை ‘நாஸுக் நாரெஞ்சி’ என்பார்கள். எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கும் பழைய ‘நைஸ்’ பாத்திரம் பேச்சுநடையில் வந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இவற்றையெல்லாம் விட ஆசை காட்டுவது ‘ரஅனா’. அரபியில் அசட்டுப் பெண்ணைக் குறித்த சொல் பாரசீகத்துக்கு வந்து ஒயிலானவள், அழகி என்று மாறியது. ‘நைஸ்’ நடந்த அதே வழி! ஆனாலும் சாசரின் அசட்டுக்கு அதைப் போட மாட்டேன். இன்றைய டெஹ்ரான் வாசகருக்கு ‘ரஅனா’வில் அழகு மட்டும்தான் கேட்கும், பழம்பொருள் தெஹ்கோதாவின் பேரகராதியில் இருக்கிறது, வாசகரின் காதில் இல்லை. சொல்லின் வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு வழிகாட்டலாம், வாசகர் தலையில் அதைச் சுமத்தக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

காலத்துக்கேற்ற சொல் என்ற இந்த முறை ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் உதவாது. 1817இன் கடைசியில் வெளிவந்த அந்த நாவலில் பதினேழு வயதுக் கேத்தரின், தனக்குப் பிடித்த திகில் நாவலை உலகிலேயே ‘நைஸ்’ஸான புத்தகம் என்கிறாள். அவளோடு நடந்துவரும் ஹென்றி டில்னி உடனே, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சீண்டுகிறான். பிறகு புத்தகம், நாள், நடை, பெண்கள் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தானா என்று கேலி செய்கிறான். இங்கே பாரசீகத்திலும் ஒரே சொல் கடைசிவரை நிற்க வேண்டும்.

‘கூப்’ நிற்காது. அதன் உச்சநிலை ‘பெஹ்தரீன்’ என்று வேறு உருவமே எடுத்துவிடும். பைண்டிங் கேலியும் செத்துப்போகும். ‘தமீஸ்’ எனக்கு மிகவும் பிடித்தது. பகுத்தறியும் திறனைக் குறித்த அரபுச் சொல் பாரசீகத்தில் ‘சுத்தமான, நேர்த்தியான’ என்று மாறியது. ‘நைஸ்’ முதலில் நேர்த்தியைக் குறித்தது என்று ஹென்றி கொடுக்கும் விளக்கத்துக்கு வார்த்தது போல் இருக்கிறது. ஆனால் எந்த இளம்பெண்ணும் உற்சாகத்தில் ஒரு நாவலைத் ‘தமீஸ்’ என்று சொல்ல மாட்டாள்.

எஞ்சுவது ‘கஷங்’. கதையையும் சொல்லலாம், அட்டையையும் சொல்லலாம். ‘கஷங்தரீன் கெதாப்’ என்று அவள் சொல்ல, அவன் பைண்டிங்கைக் கேட்க, சிரிப்பு அப்படியே வந்து சேர்கிறது. பெண்களிடம் வரும்போது அது பண்பை விட்டு முக அழகுக்கு நழுவுகிறது. உடன் நடப்பவர்களில் ஒருத்தி ஹென்றியின் தங்கை என்பதால் அது கொஞ்சம் உறுத்தும். அந்த இடத்தில் மட்டும் சொல்லை மாற்றலாமே என்ற யோசனையும் எழும். மாற்றினால் ‘எல்லாவற்றுக்கும் ஒரே சொல்’ என்ற அவன் புகாரே பொய்யாகிவிடும். ஆகவே ‘கஷங்’ அங்கும் இருக்கட்டும் என்பது என் முடிவு. நேர்த்தி, நயம் பற்றிய அவன் விளக்கத்தில் கொஞ்சம் கனம் குறையும். அதை உடைகளின் நேர்த்தியைப் பற்றிய பேச்சாகச் சற்றே திருப்பி ஈடுகட்டலாம்.