ஏத்தத்தை விட இறக்கம்தான் சோதனை

ஏற்காடு மலையிலுள்ள செம்மநத்தத்தில் அப்பாவின் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கைத் திண்ணையில் பிரித்துப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே: "பெயின்ட் எப்போப்பா?" பெயின்ட் கடைசி வேலை, மாமா!

1985 முதல் 1996 வரை வந்த இந்த யமஹா 98 சிசி டூ ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கு எண்ணெய் கொடுப்பது ஆட்டோலூப் பம்ப். ஆக்சிலேட்டர் கேபிளோடு அது இணைந்தது. முறுக்கினால் எண்ணெய் கூடும், விட்டால் குறையும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது ஆக்சிலேட்டர் மூடியே இருக்கும். எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றும். எண்ணெய் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான். அதனால்தான் பழகிய கைகள் இறக்கத்தில் இடையிடையே லேசாக ஒரு முறுக்கு கொடுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங்கும் குறைவு. பாரம் முழுக்க டிரம் பிரேக்கின் மேல்.

ஆகவே என் வரிசை இது: முதலில் பம்ப் கேபிள், பிரேக் ஷூ. அடுத்து சைலன்சரில் அடைத்த கரி, கார்புரேட்டர் ஜெட். மலைப் பனியில் துருவேறிய ஸ்போக்குகளை மாற்றினால் வீல் பெண்டும் எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஆர்எக்ஸ் இருந்தால், அடுத்த முறை மலை இறங்கும் முன் எண்ணெய் டேங்கையும் அந்தக் கேபிளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பளபளப்பு அப்புறம்.