போருக்குப் போய்த் திரும்பிய எங்கடீன்

மே 31

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து கடற்சண்டை தொடங்கிய நாள். சில நாளாக எங்கடீன் கப்பலைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி கம்பெனி கட்டி 1911-இல் கடலில் இறக்கிய கப்பல். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கும் பிரான்சின் புலோனுக்கும் இடையே பயணிகளைக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. 1914-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை எடுத்துக்கொண்டது. பின்தளத்தில் கொட்டகை எழுப்பி நான்கு கடல் விமானங்களை நிறுத்தினார்கள். ஓடுதளம் கிடையாது. பாரந்தூக்கியால் விமானத்தைத் தண்ணீரில் இறக்குவார்கள். அங்கிருந்துதான் அது எழும்ப வேண்டும். கடல் சற்றுக் குமுறினாலும் வேலை நடக்காது.

1916-இல் இதே நாள் பிற்பகல் விமானி ஃபிரெடெரிக் ரட்லண்ட் அப்படித்தான் எழும்பினார். தாழ்ந்த மேகங்களுக்கடியில் பறந்து, ஜெர்மன் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பினார். கடற்போரின் நடுவே விமானம் எதிரிப் படையை வேவு பார்த்தது அதுவே முதல் தடவை. வழியில் எரிபொருள் குழாய் உடைந்தது. கடலில் இறங்கி, ரப்பர் குழாயை வைத்து ஒட்டுப்போட்டார். அவ்வளவு பாடுபட்டும், அந்தத் தகவலை எங்கடீனால் பிரிட்டிஷ் தளபதி பீட்டிக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை.

ஜூன் 1

எங்கடீன் என்றாலே அந்த விமானத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மறுநாள் காலை. சண்டையில் அடிபட்ட வாரியர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இரவெல்லாம் இழுத்து வந்தது எங்கடீன். விடிந்ததும் கடல் கொந்தளித்தது. வாரியர் இனித் தாங்காது என்று தெரிந்துவிட்டது. உடனே எங்கடீன் அதன் பக்கத்தில் ஒட்டி நின்று, அதிலிருந்த 600-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. அலையில் இரண்டும் முட்டி மோதியபடியே இருந்தன. எங்கடீனின் உடலைச் சுற்றித் தடித்த விளிம்பு ஒன்று உண்டு. தினமும் துறைமேடையில் உரசி நிற்கிற பயணிகள் கப்பல் என்பதால் வைத்தது. அன்று அத்தனை இடியையும் தாங்கியது அதுதான். காயம்பட்ட ஒருவர் இரு கப்பல்களுக்கும் நடுவே விழ, ரட்லண்ட் தண்ணீரில் குதித்தார். அதற்காக அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள்.

ஜூன் 4

போர் முடிந்து எங்கடீன் பழைய வேலைக்கே திரும்பியது. 1930-களில் பிலிப்பைன்ஸுக்கு விற்றார்கள். கொரெகிடோர் என்ற பெயரில், மணிலாவிலிருந்து தெற்குத் தீவுகளுக்கு ஓடியது.

1941 டிசம்பர். ஜப்பான் குண்டு போடத் தொடங்கியதும், சொந்த ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று மாணவர்களும் குடும்பங்களும் அதில் நெருக்கியடித்து ஏறினார்கள். 16-ஆம் தேதி இரவு கிளம்பிய கப்பல், நள்ளிரவு தாண்டி, அதே பெயருள்ள கொரெகிடோர் தீவருகே கண்ணிவெடியில் மோதியது. எதிரி வைத்த வெடியல்ல அது. மணிலா விரிகுடாவின் காவலுக்காக அமெரிக்கர்கள் போட்டு வைத்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. அமெரிக்க டார்ப்பிடோ படகுகள் விரைந்து வந்து ஏறக்குறைய 280 பேரைத் தூக்கின.

செத்தவர்கள் 900 என்கிறார்கள், 1,200 என்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாமல் ஏறியவர்கள் அத்தனை பேர். இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறவே இல்லை. ரட்லண்ட் ஓட்டிய விமானத்தின் முன்பகுதியை இங்கிலாந்தில் அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கிறார்கள்; காக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கடீனின் கதையை எழுதுகிறவர்கள் ஜட்லாந்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறார்களோ, மணிலாவுக்கும் அத்தனை பக்கம் ஒதுக்க வேண்டும்.