ஆயக்கட்டில் எத்தனை செண்டு?

எங்கள் ஊர்க் குளத்தில் அம்மா பத்து வருடங்களுக்கு மேல் மண் சுமந்திருக்கிறாள். நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களிலேயே திண்டுக்கல்லும் இருந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சிறுமலைச் சரிவில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி, வரத்துக்கால் வழியே குளத்துக்கு வரும். குளம் நிறைந்தால் கலிங்கு வழிந்து அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகும். எத்தனையோ தலைமுறைக்கு முன் மண்ணை அணைத்து உண்டாக்கிய ஏற்பாடு. மாதக்கணக்கில் காய்ந்து, பிறகு ஒரே இரவில் கொட்டித் தீர்க்கிற இன்றைய மழைக்கு இது இன்னும் அவசியம். கொட்டுவதைப் பிடித்து வைக்கும். கிணறுகளில் ஊற வைக்கும். மிஞ்சியதைக் கரை உடையாமல் கடத்தி விடும்.

2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. முன்னோர்கள் ஊர் கூடிச் செய்த வேலை என்று பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பெருமையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். குடிமராமத்துக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்த 1858-இல் மதராஸ் மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். கூடிய ஊரில் யார் மண் சுமந்தார்கள், யார் கரைமேல் நின்றார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு தூர்வாருவதுபற்றிக் கூட்டம் நடந்தது. அம்மா எழுந்து சொன்னாள்: "உள்வாயத் தோண்டுறதுக்கு முன்னாடி வரத்துக்காலப் பாருங்கய்யா. சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடக்கு. மடைக்குக் கீழ பள்ளம் பறிச்சா அந்தத் தண்ணி வயலுக்கு ஏறாது."

"ஏம்மா, ஆயக்கட்டுல ஒனக்கு எத்தன செண்டு இருக்கு?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு செண்டும் இல்லை. அந்தக் கேள்விக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2000-இல் இயற்றிய சட்டம், நிலம் உள்ளவர்களுக்கே சங்கத்தில் ஓட்டு தருகிறது. எங்கள் பக்கம் நிலம் பெண் பெயரில் இருப்பது அபூர்வம். எங்கள் தெருவில் ஆண் பெயரிலும் இல்லை.

உள்வாயைத் தோண்டினார்கள். வண்டல் டிராக்டரில் ஏறி மற்றவர் வயல்களுக்குப் போனது. ஐப்பசியில் பெருமழை பெய்தது. தண்ணீர் அடைத்த வரத்துக்காலை விட்டுவிட்டு ரோட்டில் ஓடியது. தோண்டிய பள்ளத்தில் மட்டும் முழங்காலளவு கலங்கல் நின்றது.

மறு வருடம் வரத்துக்காலை வெட்டினார்கள். அப்போதும் மண் சுமந்தவள் அம்மாதான். முந்தின வருடமே அவள் அதைச் சொன்னாள் என்று யாரும் பேசவில்லை. "தண்ணி வந்துச்சுல்ல, விடு" என்றாள் அவள்.

என்னால் விட முடியவில்லை. குளத்தை மீட்பதென்றால், அதைச் சுமந்தவளுக்கு அங்கே ஓட்டும் இருக்க வேண்டும். கூட்டத்தின் மினிட் நோட்டில் அம்மா பேசியது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.