கடிதத்தில் வந்த காயா

 

ஜெராம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, 1975-ஆம் ஆண்டில் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவள் நான். லெஸ்டர் நகரிலேயே பணியாற்றி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுத அமர்ந்தபோது, அறிவுரைகள் பல நெஞ்சில் எழுந்தன. ஆயினும் ரொட்டியில் தடவித் தின்னும் காயாவைப் பற்றியே எழுதத் துணிந்தேன். காரணத்தை இறுதியில் அறிவீர்கள்.

காயாவை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, பாண்டான் இலை ஆகிய நான்கும் சேர்ந்தால் காயா. மலாய் மொழியில் அச்சொல்லுக்குச் செல்வம் மிக்கது என்று பொருள். எங்கள் லயத்து வீட்டில் செல்வம் இருந்ததில்லை. ஆனால் சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் காயா இருந்தது.

அம்மா திருமணத்துக்கு முன்பு துரை பங்களாவில் எடுபிடி வேலை செய்தவர். அங்கே சமையல் செய்தவர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். அக்காலத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் ஹைனானியர் பலர் சமையற்காரர்களாக இருந்தனர். பின்னாளில் கோப்பிக்கடைகள் வைத்து, காயா ரொட்டியை நாடெங்கும் பரப்பியவர்களும் அவர்களே. அந்தச் சமையற்காரர் கிண்டுவதைப் பார்த்துப் பார்த்தே அம்மா காயா செய்யக் கற்றுக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில் அந்தக் கைப்பக்குவம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

லெஸ்டர் சென்ற முதற்குளிர்காலத்தில், விடுதிச் சாளரத்துக்கு வெளியே பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், தட்டிலிருந்த வெறும் ரொட்டியைக் கண்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றிரவே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். "காயா செய்யும் முறையை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டேன்.

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். அவர் சொல்லச் சொல்ல, அப்போது ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி எழுதினான். "அக்கா, அம்மா சொல்வதை எழுதுகிறேன். பால் டின்னால் ஒரு டின் முட்டை, ஒரு டின் சீனி, ஒரு டின் கெட்டித் தேங்காய்ப்பால். முட்டையை அடித்துச் சீனி கரையும் வரை கலக்கு. பாலை ஊற்றி வடிகட்டு. பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு இடு. அடுப்பில் வைத்துக் கை எடுக்காமல் கிண்டு." இவ்வளவுதான் அந்தக் கடிதம். ஓரத்தில் அவனே, "எனக்கு ஒரு பேனா வாங்கி அனுப்பு" என்று சேர்த்திருந்தான்.

லெஸ்டரில் தேங்காய் கிடைக்குமா என்று நீங்கள் ஐயுறலாம். 1972-ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியர் பலர் அந்நகரில் குடியேறியிருந்தனர். பெல்கிரேவ் சாலையில் குஜராத்தியர் கடைகள் பெருகி வந்தன. அங்கே ஒரு முற்றிய தேங்காயை வாங்கி வந்து, துருவி, வெந்நீர் விட்டுப் பால் பிழிந்தேன். கடிதத்தில் கண்டவாறே எல்லாம் செய்தேன். ஆனால் சட்டியை அடுப்பில் வைத்த சற்று நேரத்தில் முட்டை வேறு, பால் வேறாகத் திரிந்து போயிற்று. இனிப்பு முட்டைப் பொரியல் ஒன்றே மிஞ்சியது.

மீண்டும் எழுதினேன். மூன்று வாரங்கள் கழித்து மறுமொழி வந்தது: "சட்டியை நெருப்பில் வைத்தாயா? அடி பைத்தியமே! பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வேண்டும். அதன்மேல் சின்னச் சட்டி இருக்க வேண்டும். இதைக்கூடவா எழுத வேண்டும்?"

மாணவர்களே, இங்கே அறிவியல் ஒன்று உண்டு. முட்டையில் உள்ள புரதம் ஏறக்குறைய 60 பாகை முதல் 80 பாகை செல்சியசுக்குள் இறுகிவிடும். நெருப்பின் மேல் நேரே வைத்த சட்டியின் அடிப்பகுதி அதனினும் மிகுதியாகச் சுடும். அங்கே முட்டை கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். கொதிக்கும் நீரோ 100 பாகையைத் தாண்டாது. ஆகவே நீரின் சூட்டில் வைத்தால் கலவை மெல்ல மெல்லக் கெட்டிப்படும். சீனியும் புரதம் இறுகுவதைச் சற்றே தாமதப்படுத்தித் துணை செய்யும். கிண்டிக்கொண்டே இருப்பதால் எங்கும் ஒரே சூடு பரவும். இவற்றுள் ஒன்றையும் அம்மா படித்தறியார். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்று கிண்டும் பொறுமை அவருக்கு இருந்தது.

அடுத்த முறை காயா நன்றாகவே அமைந்தது. பாண்டான் மணம் ஒன்றுதான் குறை. அம்மா ஓர் இலையை மடித்துக் கடித உறையில் வைத்து அனுப்பினார். அது வந்து சேரும்போது சருகாகிவிட்டது, மணமும் இல்லை. சில மாதங்கள் சென்று, குஜராத்தியர் கடையில் வாங்கிய பாசுமதி அரிசியை உலையில் இட்டபோது, எங்கள் வீட்டுக் கொல்லையின் மணம் அறை முழுதும் எழுந்தது. திகைத்து நின்றேன். பாண்டான் இலைக்கும் பாசுமதி அரிசிக்கும் மணம் தரும் முதன்மைப் பொருள் ஒன்றே என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். இன்று லெஸ்டரிலும் அந்த இலை கிடைக்கிறது.

என் பாட்டியை இங்கே நினைவுகூர வேண்டும். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பஞ்சாமிர்தம் பிசைவார். பழனியில் அதற்கு மலைவாழைப்பழமே உரியது. அந்தப் பஞ்சாமிர்தம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பாட்டிக்குக் கிடைத்ததோ கொல்லையில் காய்த்த பீசாங் மாஸ். "ஊர்ப்பழம் போல வருமா?" என்று சலித்துக்கொண்டே பிசைவார். எங்களுக்கு அது அமுதமாகவே இருக்கும். பாட்டிக்கு ஊர் என்றால் தமிழகம். எனக்கு ஊர் என்றால் ஜெராம். கோலசிலாங்கூர் மாவட்டத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. இன்று செம்பனை சூழ்ந்த அத்தோட்டத்தின் பெயரில் தென்னைமரம் நின்று நிலைக்கிறது. மனிதர் நிலையும் அத்தகையதே. நடப்பட்ட இடம் மாறினாலும் பெயரில் ஏதோ ஒன்று எஞ்சி நிற்கிறது.

1991-ஆம் ஆண்டில் அம்மா காலமானார். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் குரலாக என்னிடம் இருப்பவை அந்த இரண்டு கடிதங்களே.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். பணிச்சுமையைக் காரணம் காட்டி, என் மகனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்காமல் விட்டுவிட்டேன். காயாவை விரும்பித் தின்கிறான். கடிதத்தை வாசிக்க இயலாது. சென்ற ஆண்டு என் பேத்தி அதை எடுத்துப் பார்த்து, "பாட்டி, இது என்ன படமா?" என்று கேட்டாள். என் தம்பி முத்து முத்தாக எழுதிய எழுத்துகள் அவள் கண்ணுக்குப் படமாகத் தெரிந்தன. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுவாரமே அவளுக்கு அரிச்சுவடி தொடங்கினேன். இப்போது அவள் எழுத்துக்கூட்டி "ஒரு டின் முட்டை" வரை வாசிக்கிறாள். அந்த வரியைத் தாண்டியதும் இருவரும் சேர்ந்து முட்டை உடைக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! நாட்டுக்கு நாடு காயா கிடைக்கிறது. கடையில் குப்பியாகவே வாங்கலாம். ஆனால் உங்கள் அம்மாவின் வாய்மொழி எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்று மாலையே அவரிடம் ஒரு பலகாரத்தின் செய்முறையைக் கேட்டு, அழகிய தமிழில் எழுதி, நாளும் ஆண்டும் குறித்து வையுங்கள். "இதைக்கூடவா எழுத வேண்டும்?" என்று அவர் கேட்பார். "ஆம், அம்மா, அதைத்தான் எழுத வேண்டும்" என்று சொல்லுங்கள்.

என் தம்பிக்கு அன்றே ஒரு பேனா வாங்கி அனுப்பினேன். அதற்கு அவன் தகுதியானவன்.