மாசி தந்த வாணலி

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் என் பேரப்பிள்ளைகள் சீனச் சமையல் கேட்பார்கள். கொல்கத்தாவில் வளரும் குழந்தைகளுக்கு அந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. கடைக்குப் போவானேன் என்று நானே அடுப்படிக்குள் நுழைந்து, குழிந்த பழைய இரும்பு வாணலி ஒன்றைக் கையில் எடுப்பேன். அவ்வாணலிக்கு ஒரு வரலாறு உண்டு. சங்கத்து அன்பர்கள் முன் அதை ஒளிக்காமல் சொல்ல விழைகிறேன்.

என் இளமையில் நாங்கள் பௌபஜாரில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் ஒரு சீனக் குடும்பம். குடும்பத் தலைவர் பெண்டிங்க் தெருவில் காலணிக் கடை வைத்திருந்தார். அவருடைய மனைவியை, வங்காளிப் பிள்ளைகளைப் போல நானும் ‘மாசி’ என்றே அழைப்பேன். அவருக்கும் என் அன்னைக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை வங்காளம் ஒன்றுதான். சமையல் பற்றிப் பேச அதுவே போதுமானதாக இருந்தது.

கறிக்குழம்பை நெடுநேரம் கொதிக்கவிட்டுப் பழகிய அன்னைக்கு மாசியின் முறை விந்தையாகத் தோன்றிற்று. கால் கிலோ எலும்பில்லாத கோழிக்கறியைச் சதை இழைக்குக் குறுக்காக மெல்லிதாய் அரிவார். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சோளமாவு ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசறி 20 நிமிடம் வைப்பார். மாவுப் பூச்சு இறைச்சியின் ஈரத்தைக் காக்கும். கேரட், குடைமிளகாய், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் யாவும் ஒரே அளவாக நறுக்கப்பட்டுத் தனித்தனித் தட்டுகளில் காத்திருக்கும். கழுவிய காயில் நீர் நிற்கக் கூடாது.

வாணலி புகையும்வரை காய்ந்த பின்னரே எண்ணெய். முதலில் இறைச்சியை வதக்கி, வெந்ததும் எடுத்து வைத்துவிடுவார். அடுத்து இஞ்சியும் பூண்டும். மணம் எழுந்ததும் கேரட், பின்னர் மற்றக் காய்கள், கடைசியில் இறைச்சி மீண்டும் வந்து சேரும். சோயா சாஸிலேயே உப்பு உண்டாதலால் சுவைத்துப் பார்த்த பிறகே உப்பு. அடுப்பில் ஏறிய பின் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒருமுறை அன்னை அனைத்தையும் ஒருசேரக் கொட்டிவிட்டார். சூடு தணிந்து, காய்கள் நீர்விட்டு, வதக்கல் கூட்டாகிவிட்டது. மாசி சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் ஒலிக்கிறது. எரிவாயு அடுப்பின் அனல் போதாதாகையால் நான் இன்று இரண்டு பங்காகப் பிரித்தே வதக்குகிறேன்.

1962 அக்டோபரில் சீனாவோடு போர் மூண்டது. சீன வமிசத்தவர் என்பதற்காகவே ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இம்மண்ணில் பிறந்தவர்களும் இருந்தனர். மாசியின் குடும்பம் அதற்குத் தப்பியது. தெருவாரின் பார்வைக்குத் தப்பவில்லை. எங்கள் வீடும் அத்தெருவில்தான் இருந்தது. “நமக்கேன் வம்பு?” என்றார் தந்தை. கதவு சாத்தப்பட்டது. மாசி பதார்த்தம் வைத்து அனுப்பியிருந்த பீங்கான் கிண்ணம் ஒன்று எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. தெருவில் அவரைக் கண்டால் தலைகுனிந்து நடந்தேன். அவர் செய்த பிழை என்னவென்று வீட்டில் எவரையும் நான் கேட்கவில்லை.

1963 பொங்கலன்று அன்னை அக்கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலை நிரப்பி என் கையில் தந்தார். தந்தை பார்த்தும் பேசாதிருந்தார். மாசி கதவைத் திறந்து, இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை. மறுநாள் அதே கிண்ணம் கோழியும் காயுமாகத் திரும்பி வந்தது.

பிற்காலத்தில் அவர்கள், கொல்கத்தாச் சீனர் பலரைப் போல, கனடா சென்று குடியேறினர். புறப்படும்போது மாசி அன்னையிடம் தந்ததே இவ்வாணலி. மன்னிப்புக் கேட்க அன்னைக்குச் சொல் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

பிறந்த ஊரை விட்டு வந்து, அயலாரின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்பவர்கள் நாம். கதவைச் சாத்தியவர்களுள் நாங்களும் இருந்தோம் என்பதைச் சென்ற ஞாயிறன்றுதான் பேரப்பிள்ளைகளிடம் சொன்னேன். இளையவள் கேட்டாள்: “நீங்க ஏன் தாத்தா அவங்ககிட்டப் பேசலை?”

வாணலி புகையத் தொடங்கியிருந்தது. எண்ணெய் விட மறந்து நின்றேன்.